பாறை ஏறும் பிள்ளையும் 10 நிமிட வாசிப்பு நேரமும்

உயர்தரம் படிக்கும் மகன் சனி, ஞாயிறில் பாறை ஏறப் போகிறான், படிப்புக் கெட்டுப்போகுமோ என்று கேட்டிருந்தீர்கள். நேரம் போகிறதே என்ற கவலை நியாயமானது. ஆனால் பாறை ஏறுவது வெறும் கைப்பலம் என்று எண்ணாதீர்கள்.

கயிறு கட்டி ஏறும் சர்வதேசப் போட்டியின் இறுதிச் சுற்றில், பாதையைக் கீழே நின்று பார்க்க 6 நிமிடம் தருவார்கள். பிறகு தனியிடத்தில் இருக்கவேண்டும். மற்றவர் ஏறுவதைப் பார்க்க முடியாது. ஏறவும் 6 நிமிடம்தான், ஒரே முயற்சி. தேர்ந்தவர்கள் பிடிகளை ஒவ்வொன்றாக மனனம் செய்வதில்லை. மூன்று நான்கு அசைவுகளை ஒரு தொடராகக் கோத்து, எங்கே நின்று கையை உதறி ஓய்வெடுப்பது என்பதையும் கீழே நிற்கும்போதே தீர்மானிப்பார்கள்.

பயம் வந்தால் விரல்கள் தேவைக்கு மேல் இறுகும். இறுகிய முன்கைத் தசைக்கு இரத்தம் சரியாகப் போகாது. கொஞ்ச நேரத்தில் விரல் தானாகத் திறந்துவிடும். பலம் போதாமல் விழுந்தான் என்று நாம் நினைப்போம். நீளமாக மூச்சை விட்டுப் பிடியைத் தளர்த்தப் பழகியவன் அதே கையோடு மேலே போவான்.

இறங்கியதும் ஏறிய பாதையைத் தாளில் வரையச் சொல்லுங்கள். "கை வழுக்கிட்டுது" என்று முடித்தால் இன்னும் பழகவேண்டும். "இடக்கால் தாழ இருந்தது, இடுப்பு பாறையை விட்டு விலகினது, பாரமெல்லாம் விரலுக்கு வந்திட்டுது" என்றால் பிழையின் காரணத்தைத் தேடத் தெரிந்தவன்.

இந்தத் திறமை தானாகவே இணைந்த கணிதத்துக்குத் தாவிவிடும் என்று நம்பவேண்டாம். நாம்தான் கடத்தவேண்டும். உயர்தரப் பரீட்சையில் பகுதி இரண்டு வினாத்தாளை வாசிக்க மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடம் உண்டு. பல பிள்ளைகள் அதை வீணாக்குகிறார்கள். வாரம் ஒரு கடந்தகால வினாத்தாளை எடுத்து, அந்த 10 நிமிடத்தில் தெரிவுசெய்யும் வினாக்கள், செய்யும் ஒழுங்கு, சிக்கும் இடம் மூன்றையும் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

தொழில் என்று பார்த்தால், போட்டியில் ஏறி இங்கே பிழைப்பது கடினம். கயிற்றில் தொங்கி உயர்ந்த கட்டடங்களிலும் காற்றாலைகளிலும் பழுதுபார்க்கும் வேலை உண்டு. அதற்குச் சான்றிதழ் தரும் சர்வதேசச் சங்கமான ஐராட்டாவின் (IRATA) முதல்நிலைக்கு 18 வயது நிறையவேண்டும். குறைந்தது 4 நாள் பயிற்சி, பிறகு மதிப்பீடு. அடுத்த நிலைக்கு ஒரு வருடமும் 1000 மணிநேர வேலையும் வேண்டும். படிப்பை விடாமல் போக, சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உலகப் புகழ்பெற்ற பாறையேறும் வீராங்கனை லின் ஹில் 1989இல் பிரான்சில் முடிச்சை முழுதாகக் கட்டாமல் ஏறி, 20 மீற்றருக்கு மேல் விழுந்தார். திறமை குறைவல்ல, இடையில் கவனம் சிதறியதுதான் காரணம். முடிச்சு, இடுப்புப் பட்டி, கொளுக்கியின் பூட்டு மூன்றையும் கூட்டாளி தொட்டுப் பார்த்த பின்னரே மகன் தரையை விட்டுக் கால் எடுக்கவேண்டும். பயிற்றுநர் இல்லாத நாளில் ஏறக்கூடாது. திருகோணமலைக் கடலோரச் செங்குத்துப் பாறையான இராவணன் வெட்டுப் பக்கம் எந்த நாளும் கூடாது.