ஒருமுறை நுழைவு விசாவில் லண்டன் பயணம்

வணக்கம். ஜெர்மனியின் மியூனிக்கில் உங்களுடன் இரண்டு மாதம் தங்க வரும் பெற்றோரை நடுவில் மூன்று நாள் லண்டனுக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவர்களுடைய விசாவில் நுழைவுகளின் எண்ணிக்கை 01 என்றிருந்தால், ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளைக் கொண்ட ஷெங்கன் பகுதிக்கு வெளியே பிரிட்டன் இருப்பதால், தங்க அனுமதிக்கப்பட்ட 90 நாளில் எத்தனை நாள் மீதமிருந்தாலும் அந்த விசாவைக் கொண்டு மியூனிக் திரும்ப இயலாது. பிரிட்டனுக்குத் தனி விசாவும் வேண்டும். அதற்குப் பதிலாக ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்குச் செல்லுங்கள். ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான்; ஆஸ்திரியாவுக்கு இதே விசா போதும். திரும்பும்போது எல்லையில் காவலர்கள் ரயிலில் ஏறிச் சோதிப்பதுண்டு. கடவுச்சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த என் அம்மா, கைப்பையை மடியில் கவிழ்த்துத் தேடிக் கலங்கியதை என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே பெற்றோரின் கடவுச்சீட்டுகளை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வருகிறார்கள் என்பதற்காக, இல்லாதவர்களுக்கு உணவு வழங்கும் உணவு வங்கியில் நீங்கள் சனிக்கிழமை செய்யும் தொண்டுப் பணியை நிறுத்த வேண்டாம். அந்த மூன்று மணி நேரம் அவர்களுக்கும் ஓய்வாக இருக்கும்.