டெல்டாவில் சொந்த வீட்டுக்குக் காப்பீடு: டிடக்டிபிளைக் கூட்டிப் பிரீமியத்தைக் குறைக்கலாமா?

மன்னார்குடிப் பக்கம் 1,000 சதுர அடி வீடு, பின்னால் கீற்றுக் கொட்டகை, வங்கிக் கடன் பாக்கி 11 லட்சம்; எவ்வளவுக்குக் காப்பீடு எடுப்பது, டிடக்டிபிளை 25,000 ஆக்கினால் லாபமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லாபமில்லை. டிடக்டிபிள் என்பது ஒவ்வொரு கிளைமிலும் முதலில் உங்கள் கையிலிருந்து போகும் பணம். ஏஜென்ட்கள் இதை எக்ஸஸ் என்றும் சொல்வார்கள். அதைக் கூட்டச் சொல்லும் அறிவுரை பிரீமியம் மிக அதிகமாக இருக்கும் அமெரிக்காவுக்குப் பொருந்தும். நம் ஊரில் வீட்டுப் பிரீமியமே சிறியது, அதில் மிச்சமாவது அதைவிடச் சிறியது. டிடக்டிபிளை 5,000லிருந்து 25,000 ஆக்கினால் ஆண்டுக்கு 500 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகத் தலையில் ஏற்றிக்கொண்ட 20,000 ரூபாயை அந்த மிச்சத்தால் ஈடுகட்ட 40 ஆண்டு ஆகும். அத்தனை ஆண்டு இந்த மண்ணில் புயலே வராது என்று யார் சொல்ல முடியும்? ஏஜென்ட் தரும் இரண்டு பிரீமியங்களையும் வாங்கி இதே கணக்கைப் போடுங்கள். பத்து ஆண்டுக்கு மேல் வந்தால் விட்டுவிடுங்கள்.

தொகையைவிட அது எழுதப்பட்டிருக்கும் விதம் முக்கியம். ‘கிளைமில் 5 சதவீதம், குறைந்தது 10,000’ என்றிருந்தால், 6 லட்சம் சேதத்துக்கு 30,000 போகும். 80,000 சேதத்துக்கு 10,000 போகும். நாலு ஓடு பறந்து 9,000 செலவானால் ஒன்றும் கிடைக்காது. ‘காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம்’ என்றிருந்தால் 22 லட்சம் பாலிசியில் முதல் 1,10,000 உங்களுடையது. ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். புயல், வெள்ளத்துக்கு மட்டும் தனி எக்ஸஸ் இருக்கிறதா என்றும் ஷெட்யூலில், அதாவது பாலிசியோடு வரும் விவரத் தாளில், பாருங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு கடன் பாக்கிக்கு மட்டும் காப்பீடு எடுப்பது. மனை விலையைச் சேர்க்காதீர்கள், நிலம் எரியாது. கார்ப்பெட் பரப்பை, அதாவது வெளிச்சுவர் நீங்கலான உள்பரப்பை, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். சதுர அடிக்கு 2,200 என்றால் 22 லட்சம். 11 லட்சத்துக்கே எடுத்திருந்து 4 லட்சம் சேதமானால், விகிதக் கழிவு (காப்பீட்டுத் தொகை எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைப்பது) உள்ள பாலிசியில் 2 லட்சம்தான் வரும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரவேண்டும் என்று கொண்டுவரப்பட்ட ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுப் பாலிசியில் இந்தக் கழிவு கிடையாது. ஆனாலும் எழுதிய தொகைதான் உச்சவரம்பு; வீடு முழுதும் போனால் 11 லட்சத்தில் எப்படிக் கட்டுவீர்கள்? கட்டடத்துக்கு எடுத்தாலே வீட்டுப் பொருள்களுக்கு அதில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, தானாகச் சேரும். உங்களுக்கு 4.4 லட்சம். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். திருட்டு என்றால் புயல், வெள்ளம் போன்ற நிகழ்வு நடந்த 7 நாளுக்குள் நடந்தது மட்டுமே; சாதாரணக் கொள்ளைக்கு வேறு பாலிசி. விற்க வைத்த நெல் மூட்டையும் டிராக்டரும் வீட்டுப் பொருள் கணக்கில் வராது.

சுற்றுச்சுவர், செப்டிக் டேங்க், சோலார் பேனல் எல்லாம் கட்டடத்தில் அடங்கும், மதிப்பில் சேர்த்துவிடுங்கள். கீற்றுக் கொட்டகையைக் கட்டாயம் சொல்லி எழுதவையுங்கள். மறைத்தால் தகராறு அங்கிருந்துதான் தொடங்கும்.

வயலை மண்ணடித்து மேடாக்கிக் கட்டிய வீடு நம் பக்கம் ஏராளம். அந்த நிரப்பு மண் இறங்கிச் சுவர் வெடித்தால் கிளைம் கிடையாது. ஆற்றங்கரை அரிப்பும் அப்படியே. இதற்குப் பாலிசியை நம்பாமல், கட்டும்போதே அடித்தளத்தைக் கெட்டியான மண் வரை இறக்குவதுதான் வழி. மரம் கூரைமேல் விழுந்தால் கிடைக்கும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னைகள் சாய்ந்ததை நினைத்துப் பாருங்கள், கொல்லையில் மரம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். விழுந்த மரத்தின் மதிப்பு மட்டும் வராது, தென்னைக்குத் தனிக் காப்பீடு இருக்கிறது.

பிள்ளைகள் வெளிநாட்டில், வீடு மாதக்கணக்கில் பூட்டியிருக்கும் என்றால், எத்தனை நாள்வரை பாதுகாப்பு நீடிக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்பே ஒவ்வோர் அறையையும் கைபேசியில் படமெடுத்து, மின்சாதன பில்களோடு வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். வெள்ளம் வந்தால் நீர் நின்ற உயரத்தைச் சுவரில் கோடிட்டு, பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துப் படமெடுங்கள். உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்துக் கிளைம் எண் வாங்குங்கள். தார்ப்பாய் போட்டு மழையைத் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். ஆனால் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை உடைந்த ஓடுகளையும் நனைந்த மெத்தையையும் தூக்கி எறியாதீர்கள்.