பொம்மைக் கடை – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொலுப் பொம்மைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் செய்கிறவர்கள் வருகிறார்கள், வாங்குகிறவர்கள் வருகிறார்கள். நடுவில் இருக்கும் சின்னக் கடைக்காரர்கள் வரவே இல்லை. மதுரையில் கோயிலை ஒட்டிய தெருவில் கடை வைத்திருக்கிறேன். 2020 தை மாதம் பக்கத்து ஊரான விளாச்சேரியில் பொம்மை செய்யும் நான்கு குடும்பங்களுக்கு வழக்கம்போல் அட்வான்ஸ் கொடுத்தேன். பங்குனியில் ஊரடங்கு. பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. புரட்டாசியில் அவர்கள் கொண்டுவந்த அத்தனையையும், வளையலை அடகு வைத்து, பேசிய விலைக்கே எடுத்துக்கொண்டேன். பாதிகூட விற்கவில்லை. கடை பூட்டிக் கிடந்த நாட்களில் காகிதக்கூழ் தசாவதார செட் ஒன்றில் கூர்மம், வராகம், வாமனன் மூன்றையும் கரையான் அரித்துவிட்டது. மிச்சம் ஏழும் இன்னும் அலமாரியில் நிற்கின்றன. "பாதியை மட்டும் எடுத்திருக்கலாமே அம்மா" என்று மகன் இன்றைக்கும் சொல்கிறான். நான் செய்தது தப்பா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

தப்பே இல்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை.

மண் பிசைவது, அச்சில் அழுத்துவது, காயவைப்பது எல்லாம் வெயிலை நம்பிய வேலை. பங்குனியும் சித்திரையும் கைவிட்டால் ஆடியில் வண்ணம் பூச ஒன்றும் இருக்காது. ஊரடங்கு சரியாக அந்த வெயிலைத்தான் எடுத்துக்கொண்டது. கொஞ்சம் தளர்ந்ததும் ஜூன் 24 முதல் மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு. ஆகஸ்டில் பிள்ளையார் சதுர்த்திக்குப் பொது இடத்தில் சிலை வைக்கத் தடை. பிள்ளையார் விற்ற காசு இருந்தால் நவராத்திரிக்குப் பெயிண்ட் வாங்கலாம், அதுவும் இல்லை. 1952 முதல் இருந்த அகில இந்தியக் கைவினை வாரியத்தை மத்திய அரசு கலைத்ததும் அதே ஆகஸ்டில்தான். நல்லவேளையாக அந்தப் புரட்டாசியில் இரண்டு அமாவாசை வந்து, நவராத்திரி அக்டோபர் 17 வரை தள்ளிப்போனது. அந்த ஒரு மாதம் அவர்கள் உட்கார்ந்து வேலை செய்ய உங்கள் அட்வான்ஸ் கையில் இருந்தது.

விளாச்சேரியில் ஒரு பெரியவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முன்பாதி ஒரு அச்சு, பின்பாதி ஒரு அச்சு. இரண்டையும் ஒட்டி, மூட்டு தெரியாமல் ஈரத்துணியால் காதோரம் வரை வழித்துக்கொண்டே போனார். கட்டை விரல் மட்டும்தான் அசைந்தது. பாதிப் பொம்மைகளைத் திருப்பி அனுப்பியிருந்தால், அந்த விரல் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போயிருக்கும். போனது திரும்பி வருமா? உங்களை இடைத்தரகர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் என் கட்டுரையே உங்களை விட்டுவிட்டது. அது என் பிழை, வருந்துகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். 2020-இல் வாங்கவில்லை. யாரும் கொலு பார்க்க வரப்போவதில்லையே, எதற்கு என்று விட்டுவிட்டோம். எங்களைப் போல எத்தனை வீடுகள்! உங்கள் அலமாரியில் தங்கிப்போனவற்றில் ஒன்று எங்கள் படியில் இருந்திருக்க வேண்டியது.

மகன் போடும் கணக்கும் பொய்யில்லை. அடகு வட்டியை நீங்கள் ஒருவரே கட்டியிருக்கிறீர்கள். இனி அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். பழைய வாடிக்கையாளர்களிடம் தையிலேயே சொல்லி, வேண்டிய பொம்மைக்கு முன்பணம் வாங்குங்கள். நீங்கள் கேட்டால் கொடுப்பார்கள். நான் கொடுக்கிறேன்.

அப்புறம் அந்த ஏழு பொம்மைகள். செய்தவரிடம் பழைய அச்சு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் கூர்மம், வராகம், வாமனன் மூன்றை மட்டும் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். வண்ணம் கொஞ்சம் மாறியிருக்கும், பரவாயில்லை. செட்டை எனக்கு எடுத்து வையுங்கள். ஆவணியில் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.