ஓடும்போது மூச்சு முட்டுவது நெஞ்செரிச்சலாலா, மன அழுத்தத்தாலா?

கேள்வி: எனக்கு 43 வயது. பாளையங்கோட்டையில் ஒரு நிதி நிறுவனக் கிளையின் மேலாளராக இருக்கிறேன். ஆறு மாதமாக வசூல் நெருக்கடியால் தூக்கம் குறைந்துவிட்டது. நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் அடிக்கடி வருகின்றன. மாலையில் டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு வ.உ.சி. மைதானத்துக்குப் போய் மெதுவாக ஓடுவேன். இப்போது இரண்டாவது சுற்றிலேயே மூச்சு முட்டுகிறது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு உள்ளே போய்ச் சேரவில்லை என்று தோன்றுகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. ஒரு கோலி சோடா குடித்து ஏப்பம் விட்டால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் நடக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. வாயுதான் என்கிறார்கள். அமிலமும் மன அழுத்தமும் மூச்சைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். நீங்கள் விவரித்திருப்பதில் இரண்டின் சாயலும் தெரிகிறது. ஆனால் அதை விளக்குவதற்கு முன்னால் அந்தச் சோடாவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சோடா குடிப்பதற்காக ஓட்டத்தை நிறுத்தியிருப்பீர்கள். கடை வரை மெல்ல நடந்து, நின்றோ உட்கார்ந்தோ குடித்திருப்பீர்கள். ஆகவே உங்களைச் சரிசெய்தது சோடாவா, ஐந்து நிமிட ஓய்வா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இருப்பவர்களுக்கும் மூச்சுமுட்டல் உழைக்கும்போது தோன்றி, ஓய்ந்து நின்றால் சில நிமிடங்களில் அடங்குவது வழக்கம். ஏப்பம் வந்தது என்பதற்காக இதயத்தை விட்டுவிட முடியாது. காலையில் தொல்லை இல்லை என்பதும் முழு ஆறுதல் ஆகாது. ஏனென்றால் காலையில் நடக்கிறீர்கள், மாலையில்தான் ஓடுகிறீர்கள். மேலும், சாப்பிட்டவுடன் குடலுக்குக் கூடுதல் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயத்தின் வேலையும் கூடுகிறது. 43 வயதில் இப்படிப் புதிதாகத் தொடங்கும் மூச்சுமுட்டலுக்கு முதலில் ஈ.சி.ஜி.யும், மருத்துவர் தேவையென்று கருதினால் எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), டிரெட்மில் (நடக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி.) சோதனைகளும் எடுத்துப் பார்ப்பதே முறை. படுத்த நிலையில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருப்பது மட்டும் போதாது. சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றில் எதுவும் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். அதுவரை ஓட்டத்தை நிறுத்திவைத்து, மூச்சு வாங்காத வேகத்தில் சமதளத்தில் நடந்தால் போதும்.

இதயம் நலமாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது அந்த வடை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய் போன்ற ஒரு தசைவளையம் இருக்கிறது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமும் அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெயில் பொரித்த பண்டம் இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும். அந்த வளையத்தையும் அது தளர்த்தும். அந்த நிலையில் ஓடும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, குலுங்கி, அமிலம் மேலே எதுக்களிக்கிறது. அது தொண்டை வரை ஏறினால் குரல்வளை இறுகிக்கொள்ளும். அவ்வளவு தூரம் ஏறாவிட்டாலும்கூட, உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் ஒரே வேகஸ் நரம்பு கிளை விடுவதால், கீழே அமிலம் பட்ட எரிச்சலுக்கு மேலே மூச்சுக்குழாய் சுருங்கக்கூடும். எதுக்களிப்பு உள்ள எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. ஆஸ்துமாத் தன்மை உள்ளவர்களுக்கே இது கூடுதலாக நேர்கிறது.

மன அழுத்தத்தின் வழி வேறு. அது அமிலத்தைப் பெருக்குவதைவிட, இருக்கும் அமிலத்தை உணவுக்குழாய் உணரும் விதத்தைக் கூர்மையாக்குகிறது. முன்பு உறைக்காத அளவு இப்போது எரிகிறது. அத்துடன், நெருக்கடியில் இருப்பவர் தம்மை அறியாமலே மார்பின் மேற்பகுதியால் வேகமாக மூச்சு விடுகிறார். இதனால் இரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கும் கீழே குறைந்து, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்து, தலை லேசாகச் சுழலும். “எவ்வளவு இழுத்தாலும் போய்ச் சேரவில்லை” என்று எழுதினீர்கள் அல்லவா, அந்த வரி இந்த நிலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. உண்மையில் நுரையீரலில் காற்று ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. வெளியே விடாமல் மேலும் மேலும் இழுப்பதால்தான் இடமில்லாமல் முட்டுகிறது. எதுக்களிப்பும் மன அழுத்தமும் ஒன்றையொன்று வளர்ப்பவை: இரவில் எதுக்களித்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சலும் படபடப்பும் கூடும்.

ஆஸ்துமாவைப் பிரித்தறிய நேரம் உதவும். உடற்பயிற்சியால் வரும் மூச்சுக்குழாய்ச் சுருக்கம் பெரும்பாலும் ஓட்டத்தை நிறுத்திய பின் 5 முதல் 15 நிமிடங்களுக்குள் உச்சத்தை அடையும். அப்போது இருமலும், மூச்சை வெளிவிடும்போது விசில் போன்ற ஒலியும் இருக்கும். உங்களுக்கு நிறுத்தியதும் குறைகிறது என்பதால் அது சற்று எட்டவே தெரிகிறது. ஆனாலும் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபினையும் பார்த்துவிடலாம், ஆண்களுக்கு அது 13 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை.

இனி நடைமுறை. ஓடப்போகும் மாலையில் வடையை விட்டுவிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு, மூன்று மணி நேரம் கழியட்டும். வசூல் முடிந்து பத்தரை மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு உடனே படுப்பது நம் ஊர் வேலைக்காரர்களிடம் நான் அடிக்கடி காண்கிற பழக்கம்; இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் வேண்டும். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறு அழுந்தும் என்பதால், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து 15 சென்டிமீட்டர் அளவு உயர்த்தி, இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். சோடா வேண்டவே வேண்டாம். அதன் வாயு இரைப்பையை உப்ப வைத்துத் தசைவளையத்தைத் திறக்கிறது. ஏப்பத்தோடு அமிலமும் மேலே வருகிறது.

பான்டோபிரசோல் போன்ற மாத்திரையை மருத்துவர் எழுதித்தந்தால் காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, சொன்ன வாரங்களுக்கு மட்டும் சாப்பிடுங்கள். எரியும்போது ஒன்று என்று மெடிக்கலில் வாங்கிப் போடுவது பயன் தராது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவரானால் அதையும் சொல்லுங்கள், அது தசைவளையத்தைத் தளர்த்தக்கூடியது. மூச்சுக்கு, நாற்காலியில் அமர்ந்து வயிற்றின் மேல் கையை வைத்து, மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். உள்ளே இழுக்கும்போது கை மேலெழ வேண்டும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் பழகி, கைவந்த பின் நடையிலும், மருத்துவர் அனுமதித்த பின் ஓட்டத்திலும் அதைக் கொண்டுவரலாம். ஓடத் தொடங்குமுன் பத்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுகினாலோ, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, குப்பென்று வியர்த்தாலோ, மயக்கம் வந்தாலோ 108-ஐ அழையுங்கள். ‘கேஸ்தான்’ என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு விடியும் வரை காத்திருந்து வந்தவர்களைப் பார்த்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாத எடைக்குறைவு, கறுத்த மலம் ஆகியவை இருந்தால் எண்டோஸ்கோபி தேவைப்படும்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில், தொல்லை எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கியது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், அப்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்ததா, நின்ற பின் எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று நினைவிலிருப்பதை எழுதிக்கொண்டு போங்கள். சோடா குடிக்காமலே அடங்கிய நாள் ஒன்றாவது இருந்தால் அதை மறக்காமல் குறிப்பிடுங்கள்.