ஆத்தங்குடி டைல்ஸ்: 20 சதவீதம் குறைக்கச் சொல்லும் கான்ட்ராக்டருக்கு என்ன பதில் சொல்வது?

வணக்கம் தம்பி. உங்கள் பட்டறையில் கையால் செய்யும் ஆத்தங்குடி சிமெண்ட் டைல்ஸுக்குச் சென்னை கான்ட்ராக்டர் 20 சதவீதம் தள்ளுபடி, 90 நாள் கடன் இரண்டும் கேட்கிறார், இல்லாவிட்டால் மெஷின் டைல்ஸுக்குப் போய்விடுவேன் என்கிறார், போனில் மறுத்துப் பேச வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

போனில் எதற்கும் தலையாட்டாதீர்கள். "கணக்குப் பார்த்துட்டு சாயந்திரம் வாட்ஸ்அப்பில் அனுப்புறேன் சார்" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

கடனையும் விலையையும் தனித்தனியாகப் பேசுங்கள். கடனில் சட்டம் உங்கள் பக்கம். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, உத்யம் என்கிற மத்திய அரசுப் பதிவுள்ள சிறு பட்டறைக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுதி வாங்கினாலும் அதைத் தாண்ட முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. மிரட்டலாகச் சொல்ல வேண்டாம், "45 நாள்தான் சார் முறை" போதும். பதிவு இல்லையென்றால் இன்றைக்கே ஆன்லைனில் போடுங்கள், இலவசம்.

விலையில் சும்மா இறங்காதீர்கள். பாதிப் பணம் முன்பணமாகக் கேளுங்கள், அல்லது நிறம் குறைந்த ஒரே டிசைன் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடிமேல் அச்சு வைத்து ஒவ்வொரு நிறமாகக் கையால் ஊற்றுகிற வேலை இது. நிறம் குறைந்தால் உங்களுக்கு நேரம் நிஜமாகவே மிச்சம். அதற்கு 5 சதவீதம் தருவது நியாயம்.

மெஷின் டைல்ஸ் பேச்சுக்குக் கோபப்படாமல், "உங்க விருப்பம் சார், இந்த விலை வெள்ளிக்கிழமை வரை இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதி பொறுக்காமல்தான் நாம் வாய்தவறி இறக்கிவிடுகிறோம்.

கொட்டேஷன் எழுதியதும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.