தான்சானியாவுக்குப் போகும் டீச்சர்

கேள்வி: பி.எட். முடித்த என் மகள், தான்சானியாவில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்க ஓராண்டு போகிறாள். இந்த அனுபவம் அவளுக்கு என்ன வாழ்க்கைப் பாடம் தரும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வாழ்க்கைப் பாடம் தானாக வரும். போகிறபோக்கில் 'ஆங்கிலத்தில்' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் மகளின் ஓராண்டு அதில்தான் இருக்கிறது.

தான்சானியாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏழு வருடம் சுவாஹிலியில் படிப்பு. உயர்நிலைப் பள்ளியில் நுழைந்ததும் எல்லாம் ஆங்கிலம். ஒளிச்சேர்க்கையை 'உசனிசினுரு' என்று படித்து, இலை உணவு தயாரிக்கும் விதத்தைக் கடகடவென்று சொன்ன பிள்ளை, 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்றதும் விழிக்கிறது. வீட்டில் சுகுமாவோ ஹாயாவோ பேசும் குழந்தைக்கு சுவாஹிலியே இரண்டாவது மொழி. மூன்றாவதான ஆங்கிலம், கிராமத்தில் வகுப்பறைக்கு வெளியே காதில் விழுவதே அரிது.

அதனால் ஆரம்பத்தில் வகுப்பு வாய் திறக்காது. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் சேர்ந்து "யெஸ் மேடம்" என்பார்கள். அதை நம்ப வேண்டாம். பிள்ளைகள் மந்தம் என்ற முடிவுக்கு மட்டும் உங்கள் மகள் வந்துவிடக் கூடாது.

இந்தப் பக்கத்தில் என்னோடு வருடக்கணக்கில் மல்லுக்கு நிற்கும் வாசகர்கள் உண்டு. எல்.கே.ஜி.யிலிருந்தே ஆங்கிலத்தில் போட்டால் தொல்லையே இல்லையே என்பார்கள். 14 வயதில் வாயடைத்துப்போகிற பிள்ளை 4 வயதிலேயே வாயடைத்துப்போகும், வேறென்ன நடக்கும்? தமிழில் பேசியதற்கு அபராதம் வாங்கிய குழந்தைகள் நம் ஊரிலும் உண்டு. தான்சானியப் பள்ளிகளில் 'ஆங்கிலத்தில் பேசு' என்று பலகையே மாட்டியிருப்பார்கள். எந்த ஊரில் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

1982-இல் அந்நாட்டின் கல்விக் குழு ஒன்று, உயர்நிலைப் பள்ளியிலும் சுவாஹிலிக்கு மாறலாம் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. அப்போதைய அதிபர் ஜூலியஸ் நைரேரே, பள்ளி ஆசிரியராக இருந்தவர். 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர் என்றே மக்கள் இன்றும் அவரைச் சொல்கிறார்கள். அதிபராக இருந்துகொண்டே ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை சுவாஹிலியில் மொழிபெயர்த்து 1963-இல் வெளியிட்டவர். சீசரும் புரூட்டஸும் பேச முடிந்த மொழியில் நியூட்டன் விதியைப் பேச முடியாதா? அவரிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

ஆனாலும் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1985-இல் அதிபர் பதவியைத் தானாகவே விட்டு இறங்கியவர். பிறகு சொந்த ஊரான புட்டியாமாவுக்குத் திரும்பினார். நாற்காலியை விடத் தெரிந்த தலைவர்களைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. அதை இன்னொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

சரி, உங்கள் மகள். பெட்டி கட்டும் முன் சுவாஹிலி படிக்க ஆரம்பிக்கட்டும். பெரியவர்களைக் கண்டால் பிள்ளைகள் 'ஷிகமோ' என்பார்கள், பதிலுக்கு 'மரஹபா' என்று சொல்ல வேண்டும். அதோடு நிறுத்திவிடாமல் எண்கள், பின்னம், கூட்டல், கழித்தலுக்கான சொற்களையும் கற்கட்டும். பரீட்சை ஆங்கிலத்தில்தான், அதை அவர் மாற்ற முடியாது. ஆனால் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு சுவாஹிலியில் பேசிப் போடுங்கள், விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று சொல்லலாமே. 2016 முதல் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நான்காம் ஃபார்ம் வரை, அதாவது முதல் நான்கு ஆண்டுகளுக்கு, கட்டணம் இல்லை. பிள்ளைகள் நிறைய வருகிறார்கள், வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய் உட்கார முடியாது. பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதுதான் அங்கே கைகொடுக்கும்.

திரும்பி வந்ததும் இந்தப் பத்திரிகைக்கு எழுதச் சொல்லுங்கள். சிங்கமும் சூரிய அஸ்தமனமும் வேண்டாம். எந்தக் கணக்கில் பிள்ளைகள் திணறினார்கள், எப்படிச் சொன்னபோது புரிந்தது என்று எழுதட்டும். எத்தனை பக்கம் வந்தாலும் போடுகிறேன்.