முட்டையைத் துடைத்தவன்

அன்புள்ள ஐயா,

நானும் நண்பர்கள் சிலரும் 40 பிள்ளைகள் வசிக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு ஆறு ஆண்டுகளாக உதவி வருகிறோம். நன்கொடை ஒரு மாதம் வருகிறது, மறுமாதம் நின்றுவிடுகிறது. இப்போது அன்பர் ஒருவர் இரண்டு ஏக்கர் நிலம் கொடுத்திருக்கிறார். காய்கறி, கோழி, மாடு என்று ஒரு சிறு பண்ணை அமைத்து, மூன்றே ஆண்டுகளில் இல்லம் யாரிடமும் கையேந்தாதபடி செய்ய நினைக்கிறோம். பிள்ளைகள் காலையும் மாலையும் வேலை செய்தால் கூலிச் செலவு மிச்சம். உழைப்பின் அருமையும் அவர்களுக்குத் தெரியும். மாட்டில் தொடங்குவதா, கோழியில் தொடங்குவதா? இயற்கை உரம் மட்டும் போதுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆறு ஆண்டுகள் ஓர் இல்லத்தை விட்டு விலகாமல் நிற்பது எளிதல்ல. அதற்காக உங்களை வணங்குகிறேன். ஆனால் "கூலிச் செலவு மிச்சம்" என்ற வரிக்கு மேல் என்னால் நகர முடியவில்லை. குழந்தைகள் இல்லங்களின் தற்சார்பு பற்றிச் சில மாதங்களாகவே நான் யோசித்து வருகிறேன். அந்த யோசனையில் என்னை உறுத்திக்கொண்டிருந்தது எதுவோ, அதை நீங்கள் மூன்று சொற்களில் எழுதி அனுப்பிவிட்டீர்கள்.

நான் 11 வயதிலிருந்து நான்கு ஆண்டுகள் பண்ணை வைத்திருந்த ஓர் இல்லத்தில் வளர்ந்தவன். விடியுமுன் எழுந்து கோழிக்கூட்டைத் திறப்பது என் முறை. வைக்கோலுக்குள் கைவிட்டால் அப்போதுதான் இட்ட முட்டை உள்ளங்கையில் சூடாக உட்காரும். ஓட்டில் ஒட்டியதைத் துணியால் துடைத்து, அட்டைத் தட்டில் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, எண்ணிக்கையை நோட்டில் எழுதி, அலுவலக அறையில் வைத்துவிட்டு வரவேண்டும். அந்த நான்கு ஆண்டுகளில் எங்கள் தட்டுக்கு வந்தவை விரிசல் விட்ட முட்டைகள் மட்டுமே. நல்லவை எல்லாம் விற்பனைக்குப் போயின. காய்ச்சலில் கிடந்த ஒரு சின்னப் பையனுக்காக ஒருநாள் நானே ஒரு முட்டையைச் சுவரில் மெல்லத் தட்டி விரிசலாக்கினேன். அகப்பட்டுக்கொண்டேன். இல்லத்தின் வருமானத்தைத் திருடியவன் என்று எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தப்பட்டேன். அந்த இல்லத்தை நடத்தியவர்கள் கொடியவர்கள் அல்லர். உங்களைப் போலவே கையேந்தக் கூசியவர்கள். அந்தக் கூச்சத்தின் விலையை எங்களிடம் வசூலித்தார்கள் என்பது அவர்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இப்படி எண்ணியவர்களில் நீங்கள் முதலாமவரும் அல்ல. சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோட்சி, கல்வியாளர்கள் இன்றும் போற்றும் மனிதர், 1774-இல் நோய்ஹோஃப் என்ற தன் பண்ணையிலேயே ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். வயல்வேலையும் நூல்நூற்பும் பிள்ளைகளின் செலவை ஈடுகட்டும், கூடவே கல்வியும் கிடைக்கும் என்று மனமார நம்பினார். 1780-க்குள் அது நொடித்து மூடப்பட்டது. அவ்வளவு அன்புள்ளவரின் கணக்கே தவறியதென்றால், காரணம் அன்புக் குறைவன்று. வளரும் பிள்ளையின் உழைப்பை வரவுப் பத்தியில் எழுதியதுதான். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்று 31-ஆம் பிரிவில் சொல்லிவிட்டு, அடுத்த பிரிவிலேயே பொருளாதாரச் சுரண்டலிலிருந்து காக்கப்படும் உரிமையைச் சொல்கிறது. உழைப்பின் அருமையைக் கற்பிக்க விரும்பினால் ஆளுக்கு ஒரு பாத்தி கொடுங்கள். விதைக்கட்டும், மறந்துபோய்க் காயவிடட்டும், மறுபடி விதைக்கட்டும். காய விடுவதற்கு உரிமை இல்லாத இடத்தில் அது கல்வி அல்ல, வேலை. உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு முன்பும் பின்பும் களையெடுக்க அனுப்புவீர்களா? மாட்டீர்கள் என்றால் இவர்களையும் அனுப்பாதீர்கள். ஆள் வைத்துக் கூலி கொடுங்கள்.

கூலியையும் எழுதினால் பண்ணை என்ன தரும் என்பது தெளிவாகும். 10 வயதைக் கடந்தவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 40 பேருக்கு அது 16 கிலோ. தண்ணீரும் நல்ல மண்ணும் இருந்தால் அதில் பெரும்பகுதியை உங்கள் நிலம் கொடுத்துவிடும். அது பெரிய காரியம். ஆனால் சமையல் செய்பவரின் சம்பளத்தையும், இரவில் பயந்து எழும் குழந்தையின் பக்கத்தில் உட்காருபவரின் சம்பளத்தையும் இரண்டு ஏக்கரிலிருந்து எடுக்க முடியாது. ஆகவே நன்கொடையாளர்களிடம் "மூன்று ஆண்டுகளில் நீங்கள் வேண்டாம்" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். சமூகம் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைகளுக்காகச் சமூகத்திடம் கேட்பதில் எந்த இழிவும் இல்லை.

உரத்தைப் பற்றி உங்கள் மண்ணைச் சோதித்துப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். மாட்டுக்கு அவசரப்படாதீர்கள், கன்று ஈன ஒன்பது மாதத்துக்கு மேலாகும், ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் பால் வற்றிவிடும், தேர்வு நாளானாலும் இருவேளை கறந்தாக வேண்டும். கோழியில் தொடங்குங்கள். குஞ்சு ஏறத்தாழ 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். எந்தக் கோழியும் தினமும் இடாது என்பதால், ஆளுக்கொரு முட்டை கிடைக்க 50-க்கு மேல் கோழிகள் வேண்டும். அவற்றுக்கு நாளொன்றுக்கு ஐந்தரை கிலோவுக்குக் குறையாத தீவனம் ஆகும், அதில் பெரும்பாலானதை வாங்கத்தான் வேண்டியிருக்கும். நோட்டும் போடுங்கள். எத்தனை விற்றோம் என்ற பத்திக்கு முன்னால் எத்தனை சாப்பிட்டோம் என்ற பத்தியை வரையுங்கள். அது நிறைந்த நாளில் மட்டும் அடுத்ததில் எழுதுங்கள்.

அன்புடன்.